வெளிச்சம் பார்க்கிற வேலை

தம்பி,

அம்மா நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியதும் அடித்துவிட்டேன். பொய்யில் ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் பொய்யாகவே போகும். உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, கால்வலி வழக்கம்போலத்தான். மனசுதான் சரியில்லை. ஈஸ்டருக்கு வருகிறேன், கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம், கூடவே நீ வேலை செய்கிற அந்தச் சின்ன வெளிச்ச மெஷினையும் கொண்டுவந்து கண்டி ஆஸ்பத்திரியில் காட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் வந்ததிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நடந்ததைச் சொல்லாமல் உன்னை இங்கே வரவிடக்கூடாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

போன தடவை நீ லண்டனுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நம் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கூடிய கூட்டம் நினைவிருக்கிறதா? லயத்தில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கங்காணி வெற்றிலையை மென்றுகொண்டே, “தம்பிக்கு அங்க என்னாதான் வேல?” என்று கேட்டார். நீ முதலில் இங்கிலீஷ் வார்த்தைகளாகப் போட்டாய், ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பிறகு டோச் லைட்டைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்தச் சொல்லி, உள்ளங்கையில் அமுக்கிக் காட்டினாய். விரல் ஓரமெல்லாம் செக்கச்செவேல் என்று எரிந்தது. “இது நம்ம ரத்தம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செவப்பு இருக்கு, அது மண்டையோட்டையும் தாண்டிப் போகும். மாசம் தெகையாம பொறந்த புள்ளைங்க தலையில ஒரு பக்கம் அத விட்டு, வேற பக்கத்தால எவ்வளவு வருதுன்னு பாப்போம். காத்து இருக்கிற ரத்தம் வெளிச்சத்த ஒரு மாதிரி குடிக்கும், காத்து இல்லாத ரத்தம் வேற மாதிரி குடிக்கும். வெட்டாம குத்தாம மூளைக்கு மூச்சுப் போகுதான்னு சொல்லிறலாம்” என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். “வெளிச்சம் போட்டு மூளைக்குள்ள பாக்குற வேல” என்று எல்லாருக்கும் சுருக்கிச் சொன்னேன். உடனே கங்காணி, “அப்ப நம்ம மை வெளிச்சம் மாதிரின்னு சொல்லுங்க!” என்றார். நீ சிரித்துக்கொண்டே, “அப்புடித்தான்னு வச்சுக்கங்களேன் பெரியப்பா” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய். ஆனால் மை வெளிச்சம் இங்கே விளையாட்டு இல்லை, அதை நீ மறந்துவிட்டாய். கோழி காணாமல் போனாலும் சரி, கொலுசு காணாமல் போனாலும் சரி, கீழ் டிவிசனுக்குப் போய் வெற்றிலையில் மை தடவி, விளக்கைப் பிடித்து, ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். மைக்குள் திருடன் முகம் தெரியும் என்பார்கள். அந்தப் பிள்ளை யார் பெயரைச் சொல்கிறதோ அவன் தொலைந்தான். பங்குச் சாமியார் கோயிலில் எத்தனை தடவை திட்டினாலும் நம்முடைய வேதக்காரர்களும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு போகத்தான் செய்கிறார்கள். என் தோடு தொலைந்தபோது நானே போனேன். பக்கத்துக் காம்பராக்காரி மீது பழி விழுந்து, அவளோடு பேச்சே நின்றுபோய், கடைசியில் தோடு நம் அரிசி டின்னுக்குள் கிடந்தது. உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்.

அந்தக் கூட்டத்தில் கடைசியில் சவரியம்மாவும் அவள் மகள் புஷ்பமும் நின்றிருந்தார்கள். அவர்கள் கதையை நீ பாதிதான் அறிவாய், தமிழ் ஆட்களை வெட்டிய அந்தக் கலவரம் நடந்தபோது நீ பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாய். புஷ்பத்தின் அப்பா அந்தோணிதான் அப்போது தோட்டத் தலைவர், தொழிலாளர் சங்கத்து ஆள். லொறியில் வந்தவர்கள் அவனைத்தான் பெயர் சொல்லித் தேடினார்கள். நாங்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்மலைக் காட்டுக்குள் ஓடினோம். அந்தோணி ரோட்டுக்குக் கீழே தண்ணீர் போகிற போக்குக்குள் ஒளிந்திருந்தான். அப்படியொரு போக்கு இருப்பது தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, மேலே செடி மூடிக் கிடக்கும். வந்தவர்கள் நேரே அங்கே போய் அவனை இழுத்து வெட்டினார்கள். அப்பனைத் தேடிப் போன புஷ்பம் மேலே தேயிலைக்குள் பதுங்கியிருந்தாள், சின்னப் பிள்ளை. நாங்கள் கண்டுபிடித்துத் தூக்கியபோது அவள் கண் திறந்திருந்தது, வாய் பூட்டியிருந்தது. அன்று மூடிய வாய்தான், தம்பி. பிறகு வளர்ந்தாள், தோட்டத்தில் பெயர் பதிந்தாள், கொழுந்து எடுக்க மலைக்குப் போனாள், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு சொல் பேசவில்லை.

யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்வி மட்டும் இந்த லயத்தை விட்டுப் போகவே இல்லை. தோட்டக் காவல் பார்க்கிற வாச்சர் பியதாசவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிங்கள ஆள், ராவும் பகலும் மலையில் சுற்றுகிறவர், அவருக்குத் தெரியாத இடமா? அந்தோணியின் உடலைத் தூக்க அவர் ஓடிவந்தபோது, “தொடாதே” என்று விரட்டினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் நாங்கள் போவதில்லை. ஒரு நாள் நான் பிள்ளைக்காம்பராவில், மலைக்குப் போன தாய்மார் விட்டுப்போன கைப்பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்று, “மம நெவெய், அக்கே” என்றார். நான் இல்லை அக்கா என்று. எத்தனை பேரிடம் போய் அப்படிச் சொன்னாரோ! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் கரைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த ஊர் வாயில் என் வாயும் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ என் இடுப்பை விட்டு இறங்காத வயதில் ரோசம்மா என்று ஒருத்தி தலைப்பிள்ளையைப் பெற்று என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பிள்ளைக்குத் தலை நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தையா பிள்ளையை இருட்டறைக்குக் கொண்டுபோய் தலைக்குப் பின்னால் டோச் லைட்டை வைத்து அமுக்கினார். தலை முழுதும் வெளிச்சம் பற்றிக்கொண்டது, தம்பி. நெற்றி, கன்னப்பொறி, எல்லாம் சிவப்பாக ஒளிவிட்டது. ரோசம்மா சாமி படத்தில் இருக்கிற ஒளி என்று நினைத்து அப்படியே முழங்காலில் விழுந்து கும்பிட்டாள். மருந்தையா அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் என்னை வெளியே கூப்பிட்டு, “உள்ளுக்கு மூளை இருந்தா வெளிச்சம் இப்புடி தாண்டாது. தண்ணிதான் இருக்கு” என்றார். அந்தப் பிள்ளை நீண்ட நாள் இருக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்புத் தலை என்னை விடவே இல்லை. நீ வெளிச்சத்தோடு வேலை செய்கிறேன் என்று முதன்முதலில் எழுதியபோது ஊருக்கெல்லாம் பெருமை பேசிவிட்டு, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். புஷ்பத்தைப் பார்க்கும்போதும் அந்த நினைப்புத்தான் வரும். பயத்தில் மூளை கரைஞ்சிருச்சு, உள்ளுக்கு ஒண்ணும் இல்லை என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அப்படித்தானோ என்று நானும் நினைத்தேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். மெஷினோடு வருகிறாய் என்று நான் யாரிடம் சொன்னேனோ, பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கங்காணி வந்து, “நல்லதாப் போச்சு. அந்தப் புள்ளைய உக்கார வச்சி வெளிச்சத்த போட்டா அன்னைக்கு பாத்தது அம்புட்டும் படம் மாதிரி வந்துரும். அவ வாய் தொறக்கவே வேணாம்” என்றார். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். கூட வந்திருந்த சவரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி, ஒங்க மகன் கையாலதான் எம்புருசனுக்கு ஞாயம் கெடைக்கணும்னு எழுதியிருக்கு” என்று அழுதாள். அவளுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. புஷ்பம் நம் வீட்டு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்தவள் நெற்றி முழுக்கக் கரி பூசியிருந்தாள். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து நெற்றி, காதோரம், வகிடு, பிடரி, ஓர் இடம் விடாமல் தடவியிருந்தாள். மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா திட்டினார், பெண்கள் சிரித்தார்கள், சவரியம்மா அடித்துக் கழுவிவிட்டாள். அடுத்த நாளும் பூசிக்கொண்டு வந்தாள். முனி அடித்துவிட்டது என்று ஒரு பக்கம், பூசாரியைக் கூட்டிவரலாம் என்று ஒரு பக்கம். அவள் கொழுந்து எடுக்கும்போது மழையில் கரி வழிந்து கண்ணுக்குள் இறங்கும், துடைத்துக்கொண்டு எடுப்பாள். எனக்கு அந்தக் கோலத்தைப் பார்த்த மூன்றாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. வெளிச்சம் உள்ளே போகாமல் இருக்க அடைக்கிறாள்! மறைக்க ஒன்றுமில்லாத தலையை யாராவது அடைப்பார்களா? இந்தப் பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள், இத்தனை காலமும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறாள். உன் மெஷின் வராமலே எனக்கு அது தெரிந்துபோனது. தெரிந்ததும் சந்தோசமாக இல்லை, பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போன நேரம் பார்த்து தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனேன். புஷ்பம் வாளியில் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “என்னாத்துக்குடி இந்தக் கரி? வெளிச்சம் உள்ளுக்கு வந்துரும்னா?” என்றேன். அவள் கை அப்படியே நின்றது.

“இந்தா, நான் சொல்றத கேளு. தம்பி சொன்னத நாந்தான் தப்பா சொல்லிட்டேன். அந்த வெளிச்சத்துக்கு மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. ரத்தத்துல காத்து இருக்கா இல்லையா, அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். என் தலையில போட்டா நேத்து என்னா கறி ஆக்குனேன்னு கூட சொல்லாது. மை வெளிச்சமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஒனக்குள்ள இருக்கிறத ஒருத்தரும் பாக்க முடியாது தாயி.”

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது. குரல் வர நேரம் எடுத்தது, வந்தபோது அது பெரிய மனுசி குரலாக இருந்தது. சின்னப் பிள்ளைக் குரலைத்தான் எனக்குத் தெரியும்.

“அப்ப மாமாவ காட்டாதா, அத்தை?”

எந்த மாமா என்று நான் கேட்கவில்லை, தம்பி. லயத்தில் இருக்கிற ஆண்கள் எல்லாரையும் அவள் சின்ன வயதில் பெயரோடு சேர்த்துத்தான் மாமா என்பாள், முத்து மாமா, சூசை மாமா என்று. வெறும் மாமா என்றால் அது ஒருத்தர்தான். சவரியம்மா உன் அப்பாவை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிட்டதால், என் கையில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு நான் அத்தை, அவர் மாமா.

அவள் பேசினாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “தேயில ஸ்டோருல இருந்து வரயில மாமாவ புடிச்சிட்டாங்க போல. கழுத்துல கத்தி வச்சிருந்தாங்க அத்தை. மாமா அழுதுகிட்டே கைய நீட்டி காட்டுனாங்க. அப்பாவ வெளிய இழுத்தப்ப அப்பா என்னைய கண்டுட்டாரு. வாயில வெரல வச்சி காட்டுனாரு.” அதைச் சொல்லிவிட்டுத் தன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அதான் பேசலை என்றாள். நான் ஐயோ என்று வாய்விட்டு அலறிவிட்டேன். அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள், கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. போகும்போது, “அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மா மாமாவ அண்ணேன்னு கூப்புடுவாங்கள்ல” என்றாள்.

அன்றிலிருந்து நான் உன் அப்பாவோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். செத்தவரோடு பேசினால் பைத்தியம் என்பார்கள், என்றாலும் பேசுகிறேன். கலவரத்தன்று சட்டை கிழிந்து வந்து, ஸ்டோரில் போயிலருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன் என்றார், நம்பினேன். அதன் பிறகு கோயிலுக்கு வருவார், எல்லாரும் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் போகவில்லை என்று கேட்டால், கால் வலிக்கிறது என்பார். சவரியம்மா வீட்டுக்கு விறகு பிளந்து போடுவார், கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுப்பார், ஆனால் அவள் தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடிக்கமாட்டார். தங்கமான மனுசன் என்று சவரியம்மா சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடுவார். லயத்தில் பியதாசவைத் திட்டும்போதெல்லாம் வாயே திறக்கமாட்டார். பயந்த மனுசன் என்று நினைத்தேன். அடுத்த வருசமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நீ கண்ணீர் விட்டுக்கொண்டு, அப்பாவுக்கு என்னம்மா நோய் வருத்தம் இருந்துச்சு என்று கேட்டாய். வயசாச்சு என்றேன். என்ன பெரிய வயசு அவருக்கு? ஒரே படுக்கையில் கிடந்தவளுக்குத் தெரியவில்லை, தேயிலைக்குள் கிடந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

கோபம் வருகிறது, தம்பி. அவர் மேல் வருகிறது. கத்தி என் கழுத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்ததும் அது அடங்கிவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறது. கை நீட்டியதைக்கூட விடு. அதன்பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, என்னிடமாவது! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பியதாச சுமந்துகொண்டு நின்றாரே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கியது? நீ உன் அப்பாவை வெறுக்க வேண்டாம். உன்னைப் படிக்கவைக்க அவர் பட்டதெல்லாம் பொய்யில்லை. ஆனால் யாராவது கேட்டால் அவருக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம்.

நீ கட்டப்போகிற பெண்ணைப் பற்றிப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத நினைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. அவள் பேசாமல் இருக்கிற நாளில், உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டு நீ பேப்பர் படிக்கப் போய்விடாதே. பக்கத்தில் உட்கார். நான் உன் அப்பா பக்கத்தில் உட்காரவில்லை, அடுப்பு வேலை இருக்கிறது என்று எழுந்து எழுந்து போனேன். அப்புறம், உன் வேலை என்ன என்று இங்கே யாராவது கேட்டால் சிரிப்புக்குக்கூட ஆமாம் போடாதே. அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று நம்முடைய பேச்சில் தெளிவாகச் சொல்லப் பழகு. உனக்குப் பகடியாகத் தெரிவது ஒரு பிள்ளைக்குக் கழுத்தில் கத்தி மாதிரி ஆகிவிட்டது.

புஷ்பம் சொல்லாதே என்றாள். நானும் சொல்லாமல் இருந்துவிடலாம், அவளும் இனிப் பேசாமலே இருந்துவிடுவாள், உன் அப்பா நல்ல மனுசனாகவே கல்லறையில் கிடப்பார். ஆனால் அந்தப் பிள்ளை நம் வீட்டு மானத்தைத் தன் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னும் எத்தனை காலம் அவளைச் சுமக்கவிடுவது? நேற்று அவளிடம், உன் அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதைச் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாளைக்குப் பூசை முடிந்ததும் சவரியம்மாவிடம் சொல்வேன். அங்கிருந்து பியதாச வீட்டுக்குப் போவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த லயத்தில் எனக்கு யாரும் நெருப்புக் குச்சி கொடுப்பார்களா, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை நம்பி விடுவார்களா, தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நீ தடுக்க முடியாது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ ஈஸ்டருக்கு வா. மெஷினைக் கண்டியிலேயே கொடுத்துவிட்டு வா. ராகலையில் பஸ் மாறித் தோட்டத்துக்கு வந்து இறங்கினால் நேரே நம் வீட்டுக்கு வராதே. நான் வாசலில் நின்று கூப்பிட்டாலும் வராதே. முதலில் சவரியம்மா வீட்டு வாசலில் போய் நில். இன்னாருடைய மகன் வந்திருக்கிறேன் என்று உன் அப்பா பெயரைச் சொல். வா என்றால் உள்ளே போ. கதவைச் சாத்தினால், சாத்தின கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. உன் அப்பா நின்றிருக்க வேண்டிய இடம் அது, நிற்காமலே போய்விட்டார்.

அம்மா